பனியா, வயசா, தண்ணியா? முட்டி வலி பத்தி நம்ம பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு பக்கம், 67 வயது:

கிராம அஞ்சலில் 34 வருஷம் சைக்கிள் மிதித்தவன் நான். ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகிறது. போன மார்கழியில் ஒரு விடிகாலை பால் வாங்கக் கிளம்பினேன். வாசப்படியில் கால் வைத்தால் வலது முட்டி மடங்கவே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் இறங்க முடிந்தது. "பனி ஒத்துக்கல, வயசும் ஆகுதில்ல" என்றாள் வீட்டுக்காரி. பார்த்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்குள் தைத்துவிட்டது. இதையே நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் மாசாமாசம் கொட்டாய் கொட்டாயாகப் போய்க் கொடுப்பேன். கொட்டாய் என்றால் எங்கள் பக்கம் சின்னக் குடியிருப்பு. ஒரு கொட்டாயில் ஒரு பெரியவர். அறுபத்துச் சொச்சம்தான் இருக்கும், பார்த்தால் எண்பது சொல்லலாம். முதுகு வளைந்து, கழுத்து விறைத்துக் கிடக்கும். தாடையை இறக்கினால் நெஞ்சில் படாது. குனிந்து மணியார்டர் பாரத்தைப் பார்க்க முடியாது என்பதால் நான்தான் அட்டையோடு அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். அவர் கையை உயர்த்திக் கட்டைவிரலை உருட்டுவார். மார்கழி, தையில் அந்த விரல் கட்டை மாதிரி இருக்கும், மை படியாது. என் ரெண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றிவிட்டுத்தான் ரேகை வாங்குவேன். "பனி போனா சரியாயிடும் பெரியப்பா" என்பேன். அவரும் தலையாட்டுவார், அந்தக் கழுத்தால் எவ்வளவு ஆட்ட முடியுமோ அவ்வளவு.

பங்குனியில் போனாலும் கழுத்து அப்படியேதான் இருக்கும். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் அப்படியேதான். அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்தக் கொட்டாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். நாற்பத்தஞ்சு வயசு ஆள்கள் உட்கார்ந்து எழுந்திருக்க ஊன்றுகோல் தேடுவார்கள். எல்லாருக்கும் ஒரே போர் தண்ணி. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பூமி கருங்கல் பாறை. பாறை இடுக்கில் ரொம்ப நாள் தங்குகிற தண்ணியில் ஃபுளோரைடு கரைந்து சேரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய தண்ணியை வருஷக்கணக்காகக் குடித்தால் முதலில் பல், பிறகு எலும்பும் மூட்டும் முதுகுத்தண்டும் இறுகிப்போகும். இறுகினது திரும்ப இளகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியில் கட்டி, 2013-ல் திறந்தார்கள். அதற்குள் அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்ததில் சாதாரணத் தேய்மானம் என்றார்கள். அதனால் எனக்கு வயசு என்பது சரியாகத்தான் போச்சு. ஆனால் உங்களுக்கு எது பனி, எது வயசு, எது வேறே ஏதோ என்று எப்படித் தெரிந்தது? எழுதுங்கள்.

ஓசூர், தளி ரோடு, 58 வயது:

அய்யா, உங்க பெரியவர் கதையப் படிச்சிட்டு நேத்து ராத்திரி தூக்கம் வரல. என் கதையும் அதே மாதிரிதான், ரெண்டு பனிக்காலம் ஏமாந்துட்டேன்.

நான் 1988-ல இங்க கல்யாணமாகி வந்தேன். எங்க ஊர் திருப்பத்தூர் பக்கம், குளிர்னா என்னன்னே தெரியாது. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் கிட்ட இருக்கு இல்லீங்களா, கார்த்திகைத் தீபம் முடிஞ்ச உடனே குளிர் எலும்புக்குள்ள இறங்கும். மாமியார் அடுப்ப விட்டு நகரவே விடமாட்டாங்க. காலையில ஒன்பது மணி வரைக்கும் எதிர் வீடு தெரியாது. இப்ப எங்க வீட்டுப் பின்னால இருந்த தோப்பு பூரா கட்டடம். மூடுபனி வருது, ஆனா ஏழரைக்கெல்லாம் கலைஞ்சிடுது. சில வருஷம் மார்கழி பாதி வரைக்கும் மழை மூட்டமாவே கிடக்குது, பனியே தைக்குத் தள்ளிப் போயிடுது. "தைப் பனி தரையத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு மாமியார் சொல்லுவாங்க. இப்பல்லாம் அந்த மாசிப் பனிதான் எனக்கு ரொம்பத் தெரியுது.

ரோஜாத் தோட்டத்துல பதினாறு வருஷம் பூ அறுத்தேன். விடியக்காலை ஈரத்துல கத்தரி பிடிச்சு விரல் மரத்துப்போறது பழகினதுதான். 2019 மார்கழியில விரல் கணுவெல்லாம் வீங்கிச்சு. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. காலையில மாவு பிசைய முடியல, டம்ளரப் பிடிச்சா நழுவுது. நொச்சி இலை ஒத்தடம், வெளக்கெண்ணெய், முடக்கத்தான் தோசை எல்லாம் பார்த்தேன். பனின்னு நெனச்சு வெயில் காலத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வெயில் வந்துச்சு, வீக்கம் போகல. அடுத்த மார்கழியில கால் விரலும் சேர்ந்துக்கிச்சு.

டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "எந்திரிச்சதுக்கப்புறம் கை இளக எவ்வளவு நேரம் ஆகுது?" ஒண்ணே கால் மணி நேரம்னு சொன்னேன். தேய்மானம்னா அரை மணிக்குள்ள இளகிடும், ஒரு மணி நேரத்துக்கு மேல போனா வேற பார்க்கணும்னாங்க. ரத்தப் பரிசோதனையில முடக்குவாதம்னு வந்துச்சு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டத் தாக்குற நோய். இப்ப வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை, இடையில இடையில ரத்தம் பார்க்கணும். வலது கையில ரெண்டு விரல் கோணினது கோணினதுதான். அந்த ரெண்டு வருஷம்தான் மனசுல நிக்குது. யாராவது பொம்பளைங்க "பனிக்குக் கை பிடிச்சுக்குது"ன்னு சொன்னா உடனே கேட்டுடறேன், எவ்வளவு நேரம் பிடிச்சுக்குதுன்னு.

ஊத்தங்கரை, 61 வயது:

எங்க ஊர்ப் பேரை 2024 டிசம்பர்ல நாடே கேட்டுச்சு. ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வலு குறைஞ்சப்புறம் எங்க தலைமேல வந்து கொட்டிச்சு, ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வண்டிங்களையே வெள்ளம் உருட்டிக்கிட்டுப் போச்சு. என் வாழ்நாள்ல அப்படி மழை பார்த்ததில்ல. ஆட்டுக்குட்டிங்களைத் தோள்ல போட்டு மேட்டுக்கு ஏத்தினேன். அந்த வருஷம் மாந்தோப்புல ஈரம் காயவே ரொம்ப நாளாச்சு. மார்கழி வறண்ட குளிரா இருந்தாத்தான் பெங்களூரா மரம் பூக்கும். ஈரம் இருந்தா துளிர்தான் விடும். எனக்குப் பாதி மரம் துளிரோட நின்னுச்சு.

தையில பூவுக்கு மருந்தடிக்கக் கையத் தூக்கினா இடது தோள் தூக்கவே முடியல. சட்டை மாட்ட என் மகன் வேணும். மழையில நனைஞ்சது உள்ள தங்கிடுச்சுன்னு மூணு மாசம் தைலம் தேச்சேன். கடைசியில சக்கரை 310. தோள் இறுகிப்போறது சக்கரைக்காரங்களுக்கு அதிகமாம். பயிற்சியில ஒரு வருஷத்துல கை மேல ஏறிச்சு.

அஞ்சல்கார அண்ணா, எங்க பக்கம் போர் தண்ணி எப்படின்னு பார்க்க எங்க போகணும்?

பெங்களூரில் வேலை, அம்மா தருமபுரியில்:

நான் சின்னவள், எழுதலாமா தெரியவில்லை. அம்மாவுக்கு 74. அவருக்குக் குளிரே தெரிவதில்லை, அதுதான் எங்கள் கவலை. தை மாதம் விடிகாலை நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் வாசல் தெளித்துக் கோலம் போடுவார். தொட்டால் கை ஐஸ் மாதிரி இருக்கும், "குளுரல கண்ணு" என்பார். வயதானால் குளிரை உணர்வதும் நடுங்குவதும் குறைந்துவிடும், ரத்தக்குழாய்கள் குளிரில் சுருங்குவதால் பிரஷரும் ஏறும் என்று பிறகுதான் தெரிந்தது. போன தையில் கோலத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததால் தப்பித்தோம். இப்போது ஆறரைக்குத்தான் கோலம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. நான் தினமும் ஆறு இருபதுக்கு போன் செய்து, அவர் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டேன் என்று சொல்லும் வரை வைக்க மாட்டேன்.

பாலக்கோடு பக்கம், 67 வயது:

எழுது கண்ணு, நல்லா எழுது. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு.

ஊத்தங்கரைத் தம்பிக்கு: குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு. சுத்தமான பாட்டிலில் தண்ணி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இன்னொன்று, இதைப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். என் வீட்டிலேயே பல வருஷம் காய்ச்சிக் குடித்தோம். ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் போர் தண்ணியைக் குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குளிக்க, துவைக்க போர் தண்ணி இருக்கட்டும். குடிக்கவும் களி கிண்டவும் மட்டும் ஒகேனக்கல் தண்ணியை வருகிற நாளிலேயே பிடித்துப் பானையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஓசூர் அம்மா கேட்கிற அந்தக் கேள்வியை நானும் எழுதி வைத்துக்கொண்டேன். என் முட்டி பத்து நிமிஷத்தில் இளகிவிடுகிறது. இப்போது எழுந்ததும் படுக்கையிலேயே இருபது தடவை காலை நீட்டி மடக்குகிறேன், வெயில் ஏறின பிறகுதான் நடை. கொள்ளு ரசம் உடம்புக்குச் சூடாக இருக்கிறது, வலிக்கு மருந்தா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஃபுளோரைடுக்கு ஊர் ஊராகப் பார்க்கிற சோதனை மூன்று இருக்கிறது. முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சில் படுகிறதா, ரெண்டு கையையும் பின்னந்தலையில் கோக்க முடிகிறதா. இதெல்லாம் செய்ய முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டி எக்ஸ்ரே பார்க்கச் சொல்லலாம். வேறு காரணத்தாலும் முடியாமல் போகலாம்தான். ஆனால் அந்தப் பெரியவரின் கழுத்தை வருஷக்கணக்காகப் பார்த்தும் எனக்கு இது தெரியாமல் போச்சே என்று இருக்கிறது.

அவர் மகன் அதே கொட்டாயில்தான் இருக்கிறான். ஐம்பது தாண்டியிருக்கும். போன சந்தையில் பார்த்தேன், கூப்பிட்டதற்குக் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினான். "பனி அண்ணா" என்றான். நானும் சும்மா வந்துவிட்டேன். நாளைக்கு வெயில் வந்ததும் போகிறேன். ரெண்டு காலி பாட்டில் கழுவி வைத்திருக்கிறேன், ஒன்று அவன் வீட்டுப் போருக்கு, ஒன்று பக்கத்துக் கொட்டாய்க்கு.