மாதவிடாய் நிற்கும் வயது, காலையில் மட்டும் ஏறும் சர்க்கரை

அக்கா தங்கைகளே, ஓர் உதவி. வயது 47, மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. குடிப்பது கோப்பி ஓ கோசோங்தான் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி), சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போனாலும் பரோட்டாக் கடைப் பக்கம் திரும்புவதில்லை, ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 6.4 (மில்லிமோல்/லிட்டர்) காட்டுகிறது, ராத்திரி சாப்பிட்ட பிறகு அவ்வளவு மோசமில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது, விடியற்காலையில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும்போது கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும், தூக்கம் கெட்டால் இன்னும் கூடும் என்பதுவரை புரிகிறது. (எனக்கோ மின்விசிறி வேகமாகச் சுற்றினாலும் நடுராத்திரி வியர்த்து முழிப்பு வந்துவிடுகிறது.)

பலதுறை மருந்தகத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கும்போது தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாமா? ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்குக் காலை அளவு இறங்கியதா? அப்புறம், எடை தூக்கிப் பயிற்சி செய்து சர்க்கரையைக் குறைத்தவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். வெந்தயத் தண்ணீர் குடித்துப் பார்த்தாயிற்று, அது வேண்டாம்.