மனித உரிமை விழிப்புணர்வு: வருடத்துக்கு ஒரு கூட்டம் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பகல்நிலா கேட்டது:

வணக்கம். ஒரே பகுதியில் இருக்கும் ஏழெட்டுப் பேர் நாங்கள், ஆளுக்கொரு வேலை. அக்கம்பக்கத்து மக்களிடம் மனித உரிமைகளைப் பற்றி ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். டிசம்பர் 10 வந்தால் எங்காவது ஒரு கூட்டம் நடக்கிறது, 1948-இல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது, அதில் 30 பிரிவுகள் இருக்கின்றன என்று ஒருவர் பேசுகிறார், எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள். மறுநாள் அதே ஆட்களிடம் 'காரணம் சொல்லாமல் உங்களைப் பிடித்துவைத்தால் என்ன கேட்பீர்கள்' என்றால் பதில் இல்லை. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி வைத்தாலும் அது உரிமைப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றுவதில்லை, எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

எங்களில் சட்டம் படித்தவர் யாரும் இல்லை. நாங்கள் இதில் இறங்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? அப்புறம், 'உரிமை உரிமை என்கிறீர்களே, கடமையைப் பற்றி ஏன் பேசுவதில்லை' என்று பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது?

தெருவிளக்கு எழுதியது:

தாராளமாக இறங்கலாம் தம்பி. நீங்கள் வழக்காடப் போவதில்லையே. நான் பல வருடமாக இந்தப் பயிற்சிகளை நடத்துகிறேன், பிரகடனத்தைக் கடைசியில்தான் கையில் எடுப்பேன்.

முதலில் வரைபடம். ஐந்தாறு பேருக்கு ஒரு பெரிய சார்ட் தாள் என்று தரையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, 'நீங்கள் வாழும் இடத்தை வரையுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம், வேலைக்குப் போகும் இடம், தண்ணீர் பிடிக்கும் இடம் எல்லாம் தானாக வரும். வரைந்து முடித்ததும், இந்த இடங்களில் யாருக்கு எது மறுக்கப்படுகிறது என்று கேளுங்கள். அடையாள அட்டை இல்லை என்று மருத்துவமனையில் திருப்பி அனுப்பியதை ஒருவர் சொல்வார். அந்த அலுவலகத்தில் படிக்கட்டு மட்டும்தான், என் சக்கர நாற்காலி வாசலைத் தாண்டியதே இல்லை என்பார் இன்னொருவர். ஒரு கூட்டத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா பேனாவை வாங்கி, மற்றவர்கள் வெறும் கட்டமாகப் போட்டுவைத்திருந்த வீட்டுக்குள்ளே ஒரு புள்ளி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களும் பேனாவை வாங்கி அதே இடத்தில் புள்ளி வைத்தார்கள். வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றிப் பேச அதற்கு மேல் எந்த முன்னுரையும் தேவைப்படவில்லை.

இதற்கு அப்புறம் 30 பிரிவுகளையும் எளிய தமிழில் தனித்தனி அட்டையில் எழுதி நடுவில் பரப்புங்கள். எந்த இடத்துக்கு எந்த அட்டை என்று அவர்களே தேடி வைக்கட்டும். காரணமில்லாத கைதுக்கு 9-ஆம் பிரிவு, வேலைக்கும் நியாயமான ஊதியத்துக்கும் 23, மருத்துவம், உணவு, வீட்டுக்கு 25. எண் மறந்துபோகும், போகட்டும். சம்பளப் பாக்கிக்கும் ஓர் அட்டை இருக்கிறது என்பது மறக்காது. சக்கர நாற்காலிக்காரருக்குப் பொருத்தமான அட்டை அந்த முப்பதில் எளிதில் கிடைக்காது, அதனால் 2006-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமைகளின் பட்டியல் 1948-இல் முடிந்துவிடவில்லை என்பதும் அப்போது புரியும்.

நேர்கோடு எழுதியது:

அண்ணா சொன்ன வரைபட முறை நல்ல முறை. ஆனால் அதோடு நிறுத்தினால் கேடுதான். உனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதை எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது என்று சொல்லாமல் விட்டால், மனிதர் முன்பைவிட அதிகமாக நொந்துபோவார். என்னிடம் வருகிற பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். 1948 பிரகடனம் ஓர் ஒப்பந்தம் அல்ல, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் அலுவலகத்தில் வாதாட முடியாது. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த இரண்டு உடன்படிக்கைகள் (ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு, மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு) போன்றவைதான், கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடுகளைக் கட்டுப்படுத்தும். அதற்கும் முன்னால் உங்கள் நாட்டின் அரசியலமைப்பும் சட்டங்களும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு அட்டைக்கும் பின்பக்கத்தில், இதற்கு நம் நாட்டுச் சட்டம் என்ன, புகார் யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள். இதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் எழுதப் பழக்குவது ரொம்ப முக்கியம். கோபத்தில் நாலு பக்கம் எழுதுவார்கள், ஆனால் தேதி இருக்காது. என்று, எங்கே, யார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள், இப்போது எனக்கு என்ன வேண்டும். அரைப் பக்கத்தில் முடியும். நகல் கையில் இருக்க வேண்டும், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது.

பல நாடுகளில் தேசிய மனித உரிமை ஆணையம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆணையங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும், 1993-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளின்படி மனித உரிமைக் கல்விக்குத் துணை நிற்பதும் அந்த ஆணையங்களின் வேலைதான். கையேடு வேண்டும், பயிற்சியாளர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், கேட்பவர்கள் குறைவு என்பதாலேயே பல இடங்களில் அந்த வேலை தூங்குகிறது.

கரும்பலகை எழுதியது:

நான் ஆசிரியை. உங்கள் கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் தரையில் உட்காருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். சமத்துவத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, கேள்வி கேட்ட சிறுமியை 'நீ சும்மா இரு' என்று அடக்கினால் மக்கள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள்? ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பர் 19-இல் மனித உரிமைக் கல்விக்கென்றே தனியாக ஒரு பிரகடனம் ஏற்றது. உரிமைகளைப் பற்றிக் கற்பது, உரிமைகளை மதிக்கும் முறையிலேயே கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படும் திறனைப் பெறுவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் இந்தக் கல்வி என்கிறது அது. நடுவில் இருப்பதைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம்.

குழந்தைகளை ஓவியப் போட்டியோடு ஓரங்கட்டிவிடாதீர்கள். 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 42-ஆம் பிரிவு, அதில் உள்ள உரிமைகளைப் பெரியவர்களுக்கு மட்டுமில்லாமல் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. என் வகுப்பில் விதிகளைப் பிள்ளைகளே பேசி எழுதுவார்கள். 'யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது' என்று எழுதினார்கள். ஒரு பையன் எழுந்து, 'டீச்சரும்தான்' என்று சேர்க்கச் சொன்னான். சேர்த்தோம். அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது, எனக்கும் அது பொருந்தும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

கடமைக் கேள்விக்கு என் பதில். கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள், பலர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். பிரகடனத்தின் 29-ஆம் பிரிவே ஒவ்வொருவருக்கும் சமூகத்தின் மீது கடமைகள் உண்டு என்கிறது, அதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உரிமை என்பது கடமையைச் செய்ததற்குக் கிடைக்கும் கூலி இல்லை. நேற்றுப் பிறந்த குழந்தை என்ன கடமையைச் செய்தது? சுயநினைவில்லாமல் படுக்கையில் கிடப்பவர்? குற்றம் செய்து சிறையில் இருப்பவரைக்கூட அடித்துத் துன்புறுத்தக் கூடாது என்பதுதான் 5-ஆம் பிரிவு. மனிதராய்ப் பிறந்தாலே போதும். 'உங்கள் பேரனுக்கு உரிமை எப்போது தொடங்கியது, வரி கட்ட ஆரம்பித்த அன்றா' என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். கடமையின் பெரும்பங்கு அரசின் தலையில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

பகல்நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிசம்பருக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே வரைபடத்தில் தொடங்குகிறோம், அட்டைகளின் பின்பக்கத்தை எழுத ஒரு வழக்கறிஞரிடம் நேரம் கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு கவலை. தெருவிளக்கு அண்ணா சொன்னதுபோல ஒரு அம்மா புள்ளி வைத்துவிட்டால், அல்லது கூட்டத்தின் நடுவிலேயே தனக்கு நடந்ததைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டால், நாங்கள் என்ன செய்வது?

நேர்கோடு எழுதியது:

நல்ல கேள்வி, பலர் இதை யோசிக்காமலே தொடங்கிவிடுகிறார்கள். கூட்டம் தொடங்கும்போதே, இங்கே யாரும் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, படம் எடுக்கக் கூடாது, இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். உங்களில் ஒரு பெண்ணை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். யாராவது உடைந்துபோனால் அவர் மெதுவாக வெளியே அழைத்துப் போய்க் கூட உட்காரட்டும். புகார் கொடுங்கள் என்று அங்கேயே நெருக்க வேண்டாம், அன்று இரவு அவர் அதே வீட்டுக்குத்தானே போகப் போகிறார், பாதுகாப்பாகப் போக முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண், தங்கும் இடம், நம்பகமான ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், இந்த விவரங்கள் முதல் கூட்டத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அந்த எண்களை நீங்களே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.