மாமனார் பதித்த பழைய காசுகளைக் கடிகாரத்திலிருந்து எடுக்கலாமா?

செல்லூர் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கூடத்தில் மாமனார் தன் கையால் செய்த சுவர்க் கடிகாரம் இருக்கிறது. தேக்குப் பலகை, எண்களுக்குப் பதில் பன்னிரண்டு பழைய காசுகள். ஒவ்வொன்றுக்கும் உளியால் குழி வெட்டி, காசை உள்ளே இறக்கி, ஓரத்தில் மட்டும் அரால்டைட் வைத்து ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார். விரலால் தடவினால் காசின் விளிம்பே தட்டுப்படாது. பன்னிரண்டு மணி இடத்தில் 1918 வெள்ளி ரூபாய், வருஷம் போட்ட பக்கம் வெளியே தெரிய. மூன்றில் நெளி விளிம்பு ஓரணா, ஒன்பதில் சதுர அரையணா. அப்புறம் நயா பைசா, அறுகோண மூன்று பைசா, தாமரை இருபது பைசா என்று போகிறது.

அவர் காலமான பிறகு கொழுந்தனார், "வெள்ளி விலை ஏறிக் கிடக்கு, பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தர்றாங்களாம், பெயர்த்து வித்துப் பிரிச்சுக்கலாம்" என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. ஆனால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தீபாவளிக்கு ஒட்டடை அடித்தபோது ஆறு மணி இடத்து ஓட்டைக் காலணா கழன்று விழுந்தது. குழிக்குள் பென்சிலில் மாமனார் எழுத்து: "அய்யா, உசிலம்பட்டிச் சந்தை." அய்யா என்று அவர் சொல்வது தன் அப்பாவை; அவர் மாட்டுத் தரகு பார்த்தவர். மற்ற பதினொன்றுக்குக் கீழேயும் எழுதியிருப்பாரோ என்று நினைத்தால் தூக்கமே வரமாட்டேன் என்கிறது. எடுக்கலாமா, விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் வாசி:
வெள்ளி ரூபாயை மட்டும் எடுத்துக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிடுங்கள் அக்கா. ஒரு காசுக்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வடக்குமாசி வீதி நாணயப் பிரியன்:
தங்கச்சி, அவசரப்பட்டு எதையும் பெயர்க்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். (1940-க்கு அப்புறம் வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல்.) 1918 ரூபாய் ஏராளமாக அடிக்கப்பட்டது, அரிய காசு இல்லை. அடியில் இருக்கும் தாமரைப் பூவுக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தாவில் அடித்தது. பூதக்கண்ணாடி வைத்து மாட்டிய இடத்திலேயே பார்க்கலாம். ஒரு காந்தத்தையும் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் அது வெள்ளி இல்லை.

சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது கீறலில்லாத, பசை படாத, யாரும் தேய்த்து விளக்காத காசுக்குத்தான். அரால்டைட் பிடித்து வார்னிஷ் குடித்த காசைத் தெற்காவணி மூல வீதியில் எந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனாலும் உருக்கு விலைதான், அதாவது உருக்கினால் கிடைக்கும் வெள்ளிக்கான விலைதான் பேசுவார்கள். மற்றவை இன்னும் மோசம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. கோடிக்கணக்கில் அடித்த காசுகள், பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறிவிடாது.

லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைக் கொழுந்தனார் நம்ப வேண்டாம். முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அந்தப் பென்சில் எழுத்துதான் என்னை உலுக்கியது. எத்தனையோ காசு கைமாறிப் பார்த்திருக்கிறேன். ஒரு காசு யார் கையிலிருந்து, எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்ததை நான் கண்டதில்லை. பலகையை விட்டுக் காசைப் பிரித்தால் அந்த எழுத்து எந்தக் காசுக்கு உரியது என்பதே போய்விடும்.

ஒத்தக்கடை தச்சுப்பட்டறை:
அக்கா, வேலை தெரிந்தவனாகச் சொல்கிறேன். பலகைக்கு மேலே ஒட்டிய காசு என்றால் அடியில் தூண்டில் நரம்பை விட்டு அறுத்து எடுக்கலாம். குழிக்குள் இறங்கிய காசுக்கு அந்த வழி இல்லை. பின்னாலிருந்து துளை போட்டுத் தள்ள வேண்டும். துளைபோடும் ஊசி அந்த எழுத்தைத் தின்றுவிட்டுத்தான் காசைத் தொடும். அசிட்டோன் ஊற்றினால் வார்னிஷ் உரிந்து பென்சிலும் கலையக்கூடும். சூடு காட்டினால் பலகை வெடிக்கக்கூடும். எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசைக்காக எடுத்தீர்கள் என்றால் எழுத்து மிஞ்சாது.

நாள்பட்ட பசை ஒவ்வொன்றாக விடும். விடுகிறபோது படம் பிடித்து வையுங்கள். கழன்ற காலணாவைப் புளி போட்டு விளக்க வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். திரும்ப ஒட்ட அரால்டைட் வேண்டாம். ஓரத்தில் மூன்று இடத்தில் தேன்மெழுகை மிளகளவு உருட்டி வைத்து அழுத்துங்கள். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் கூடத்துச் சுவரில் நிற்கும். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

செல்லூர் மருமகள்:
மூவருக்கும் நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பூவுக்குக் கீழே புள்ளியும் இருக்கிறது. நாணயப் பிரியன் அண்ணன் எழுதியதை அப்படியே கொழுந்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். "உருக்கு விலைதானா?" என்று கேட்டுவிட்டு, "அய்யா பேரு எழுதியிருக்கிறதை எனக்கும் காட்டுங்க அண்ணி" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். எதையும் எடுக்கப் போவதில்லை. மாமியாருக்கு எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பாதி ஞாபகம் இருக்கிறது, கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். மெழுகு வைத்த பிறகு காலணாவுக்கு மேலே வார்னிஷ் ஒரு கை அடிக்கலாமா?

ஒத்தக்கடை தச்சுப்பட்டறை:
வேண்டாம் அக்கா. மெழுகு பட்ட இடத்தில் வார்னிஷ் காயாது. அப்படியே விட்டுவிடுங்கள்.