சிசேரியன் ஆகி 5 மாதம், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது

தாம்வே அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் இருக்கிறேன், முதல் பிள்ளை, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கர்ப்பத்துக்கு முன் 118 பவுண்டு, பிரசவத்துக்குப் போன அன்று 153, வீட்டுக்கு வந்த பத்து நாளில் 139. அதோடு நின்றுவிட்டது, இன்று பார்த்தால் 141! பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா மஞ்சள் பூசிச் சூடு காட்டச் சொன்னார், மாமியார் பூண்டு லேகியமும் நல்லெண்ணெயும் கொடுத்தார், இரண்டு பேர் சொன்னதையும் தட்டாமல் செய்துகொண்டு மூன்று மாதம் வாசல்படி இறங்கவில்லை. பழைய தமெயின் (பர்மாப் பெண்கள் கட்டும் லுங்கி) எதையும் இடுப்பில் சுற்றிச் செருக முடியவில்லை, எப்படியோ செருகினாலும் பிள்ளையைத் தூக்கும்போது அவிழ்கிறது. டாக்டரிடம் கேட்டதற்கு "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தலாமா? தெரிந்த ஒருத்தி 15 நாளில் 10 பவுண்டு குறைக்கும் மூலிகை டீ விற்கிறாள், குடிக்கலாமா?

மோல்மீன் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த டீயைத் தொடாதே. எடை குறைக்கும் டீ பலவற்றில் நிலாவாரை இலை இருக்கும், அது பேதிக்குப் போக வைக்கிற சரக்கு. தண்ணீர்தான் வெளியே போகும், கொழுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும், பால் கொடுக்கிற நேரத்தில் உடம்பு வறண்டால் உனக்குத்தான் கஷ்டம்.

ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தாதே, நான் மூத்தவனுக்கு அப்படிச் செய்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் பசி தாங்காமல் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாக முடிப்பேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை லபெயே, அதுதான் டின்பால் ஊற்றின நம் ஊர் டீ, குடிக்கிறாய், அதைச் சொல்லவே இல்லையே? பால் ஊறும் என்று வீட்டில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எனக்குத் தெரியும். சர்க்கரை போட்டுக் கெட்டியாக்கின டின்பால் ஒரு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 60 கலோரி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாலு கோப்பை என்றால் 480. தாய்ப்பால் சுரக்க உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதும் ஏறத்தாழ 400, 500தான். அதாவது பிள்ளை கரைப்பதை டின்பால் திரும்ப ஏற்றிவிடுகிறது. நான் வேறு எதையும் விடவில்லை, காலையில் மொஹிங்காகூட (மீன் குழம்பு ஊற்றின நூடுல்ஸ்) விடவில்லை, மேலே போடுகிற பொரித்த வடையை மட்டும் வேண்டாம் என்பேன். டீயை ஒன்றாகக் குறைத்து, தினம் அரை மணி நடந்தேன். 14 பவுண்டு இறங்க ஏழு மாதம் ஆனது.

பழைய பாஸ்:
எங்கள் அம்மா ஆறு பிள்ளை பெற்றார், தராசில் ஏறியதே இல்லை. பிள்ளை முக்கியமா தமெயின் முக்கியமா?

மோல்மீன் அக்கா:
அண்ணே, தமெயின் அவிழ்வது உங்களுக்கில்லையே.

வார்டு நர்ஸ்:
அக்கா சொன்ன டீக்கணக்கு சரி. நான் வயிற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தமெயின் நிற்காததற்குக் கொழுப்பு மட்டும் காரணமாக இருக்காது. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவில் இருக்கும் இரண்டு தசைகளும் விலகும், சிலருக்கு அது மாதக்கணக்கில் சேராது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் இடைவெளி இருக்கிறது. அப்போது படுத்து எழும்பும் பயிற்சி வேண்டாம், சிலருக்கு வயிறு இன்னும் கூம்பிக்கொண்டு வரும். மூச்சை விடும்போது அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுத்துப் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். சேலைத்துணி கட்டினால் இடுப்புக்குத் தெம்பாக இருக்கும், ஆனால் அதனால் கொழுப்பு கரையாது.

வாரத்துக்கு ஒரு பவுண்டு இறங்கினால் போதும், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்து இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பிரசவத்துக்குப் பிறகு அது சிலருக்குக் குறையும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் மறுபடி பார்க்க வேண்டும். நடக்கும்போது தையல் இடத்தில் வலியோ மறுபடி உதிரமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

தாம்வே அம்மா:
அக்கா, நேற்று எண்ணினேன். ஐந்து கோப்பை! விரல் வைத்துப் பார்த்தேன், இரண்டரை விரல் போகிறது, அதனால் அந்த மூச்சுப் பயிற்சியை இன்று காலையே ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு கண்டோஜி ஏரிக்கரையில் இருபது நிமிடம் நடந்தேன், தையல் வலிக்கவில்லை. டீ விற்கிறவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேகியத்தை அத்தையிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை, இன்னும் அரை டப்பா இருக்கிறது.

மோல்மீன் அக்கா:
சொல்லாதே. சுண்டைக்காய் அளவு எடுத்துக்கொள், மீதியை உன் வீட்டுக்காரருக்குக் கொடு.