இரண்டு டீயை நிறுத்தினால் ஒன்பது லட்சமாம்!

வைகைக்கரை:
மச்சான் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுகிறார். குறிக்கோள் இல்லாதவன் கையில் காசு தங்காதாம். தினம் இரண்டு டீயை நிறுத்தணுமாம். டீ 15 ரூபாய், மாதம் 900, அதை எஸ்ஐபியில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் பங்குச் சந்தையில் போடுவது) போட்டால் வருடம் 12 சதவீதத்தில் 20 வருடத்தில் ஒன்பது லட்சமாம். கீழே மச்சான், "உனக்காகத்தான் மாப்பிள்ளை" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

சம்பளம் 26,000. வாடகை, இரண்டு ஈஎம்ஐ, பள்ளி வேன் போக 12-ஆம் தேதிக்கு மேல் வங்கிச் செயலியைத் திறக்கவே கை வராது. ஜனவரியில் வாங்கிய வரவு செலவு நோட்டில் 9-ஆம் தேதி வரை எழுதியிருக்கிறேன். கடைசி வரி "கொத்தமல்லி 10". அதோடு சரி. கணக்குப் பார்க்க உங்களுக்கெல்லாம் மனசு எப்படி வந்தது, அதைச் சொல்லுங்கள். தயவுசெய்து டீயைப் பற்றிப் பேசாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
டீயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மாதம் 900, 240 மாதம், 12 சதவீதம். போட்டுப் பார்த்தேன், 8 லட்சத்து 99 ஆயிரம் வருகிறது. அந்தக் கோட்டுக்காரர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உங்களுக்குக் கோபம் மச்சான் மேல். கணக்கு மேல் காட்டாதீர்கள்.

பாய்லர்:
டீ 15 ரூபாய் எந்த ஊரில்? நான் கடை வைத்திருக்கிறேன். எங்களிடம் 12 தான்.

கணக்குப்பிள்ளை:
12 என்றால் மாதம் 720. அப்போதும் 7 லட்சத்து 19 ஆயிரம் வரும். ஆனால் இன்று பால் விற்கிற விலையில் 12 ரூபாய்க்குக் கொடுப்பது டீ இல்லை அண்ணே, கலர் வெந்நீர்.

பாய்லர்:
எங்கள் கடைப் பக்கமே வராதவர் பாலைப் பற்றிப் பேசுகிறார். காலை நாலரைக்குப் பால் வாங்க நிற்கிறவன் நான். கண்ணாடி கிளாஸில் 12, பேப்பர் கப்பில் 13. ஒன்பது லட்சம் என்று சொன்னது தப்பு. தப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

செல்வமகள்_அம்மா:
வைகைக்கரை தம்பி கேட்டதற்கு நான் சொல்கிறேன். என் பெயரில் வங்கியில் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பு, போட்டு மூன்று தடவை பாதியில் உடைத்திருக்கிறேன். ஒரு தடவை மிக்ஸிக்கு, ஒரு தடவை நாத்தனார் வளைகாப்புக்கு, இன்னொன்று எதற்கென்றே ஞாபகம் இல்லை. மகள் பிறந்த மூன்றாம் மாதம் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு, அதாவது பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புக் கணக்கு, தொடங்கினேன். பாஸ்புக்கில் அவள் பெயரை அச்சில் பார்த்த அன்றைக்கு ஏதோ ஆகிவிட்டது. பாஸ்புக்கைப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கத் தோன்றவே இல்லை. நினைத்தாலும் சுலபமாக எடுக்க முடியாது. பெண்ணுக்கு 18 வயதாகணும், இல்லை பத்தாவது முடிக்கணும், அதுவும் பாதிதான் தருவார்கள். 15 வருடம் கட்டணும், கணக்குத் தொடங்கி 21 வருடத்தில் முதிர்வு. முடியாத வருடம் 250 கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 ஆக்கினார்கள். குறிக்கோள் என்று பெரிய வார்த்தை எல்லாம் எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
நல்லது அக்கா. ஆனால் 12 எங்கே, 8.2 எங்கே. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள்?

செல்வமகள்_அம்மா:
நான் எழுதியதைப் படித்தீர்களா இல்லையா?

முன்னாள்_தலைமையாசிரியர்:
அந்த 12 சதவீதத்தை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. டீயை விட்டவனுக்கு டீயும் போச்சு, காசும் போச்சு. நாங்கள் டீ குடித்துக்கொண்டேதான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தோம். எல்லாம் ஏலச் சீட்டு. 20 பேர், மாதம் ஐயாயிரம், லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரப்பட்டுத் தள்ளி எடுக்காமல் கடைசி வரை இருந்தேன். ஒரு மாதம் கட்டாவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது. அந்த வெட்கம்தான் எங்களைக் கட்ட வைத்தது. போன வருடம் இதைச் சொன்னதற்கு இதே கணக்குப்பிள்ளை என்னை "ஏமாளி" என்றார். நான் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஐயா, "ஏமாளி" என்று சொல்லவில்லை, "ஏமாற வாய்ப்பு உண்டு" என்றேன். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா அது? எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு என்று பிடித்து, பட்டாசும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதில் எங்கள் வீட்டுப் பணம் 18,000.

முன்னாள்_தலைமையாசிரியர்:
அப்படியானால் ஏமாந்தது நீங்கள். நான் இல்லை.

வைகைக்கரை:
சீட்டை விடுங்கள். கணக்கே பேசணும் என்றால் இதையும் போடுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 20 வருடம் கழித்து வரும் ஒன்பது லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 2 லட்சத்து 80 ஆயிரம்தான். அன்றைக்கு இந்த 15 ரூபாய் டீ 48 ரூபாய்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, உங்கள் வாயாலேயே மாட்டிக்கொண்டீர்கள். 48 ரூபாய் வைத்தாலும் ஒன்பது லட்சத்துக்கு 18,750 டீ. 20 வருடத்தில் நீங்கள் விட்டது 14,600 டீ. 4,150 டீ லாபம்!

செல்வமகள்_அம்மா:
அறுபது வயதில் சர்க்கரையோடு அந்த 18,750 டீயை யார் குடிக்கப் போகிறார்கள்?

பாய்லர்:
15 ரூபாய் டீ என்று மறுபடியும் எழுதுகிறார்கள். 12. பன்னிரண்டு.

கணக்குப்பிள்ளை:
விலைப் பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே. அப்போது பார்க்கலாம்.

பாய்லர்:
(படம் இணைத்திருக்கிறார்)
முதல் வரி. டீ 12. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
போட்டுத்தான் பார்த்தேன். 12-க்கு அடியில் 10 அழித்த தடம் தெரிகிறது. மூன்றாவது வரியில் "ஸ்பெஷல் டீ 15" இருக்கிறதே, அது என்ன?

பாய்லர்:
அது ஸ்பெஷல்.

கணக்குப்பிள்ளை:
அதுவும் டீதானே?

முன்னாள்_தலைமையாசிரியர்:
பலகையில் "ஸ்பெஷல்" என்பதில் ஒற்று தப்பாக இருக்கிறது. திருத்துங்கள்.

பாய்லர்:
பெயின்டர் எழுதியது சார். எழுதக் கற்றுக்கொடுத்தது வாத்தியார்தான்.

வைகைக்கரை:
நான் என்ன கேட்டேன் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அக்கா ஒருவர்தான் பதில் சொன்னார். எனக்குப் பெண் பிள்ளை இல்லை, பையன்தான். அதற்கு என்ன செய்யட்டும்?

செல்வமகள்_அம்மா:
பையன் பெயரில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கலாம் தம்பி. வட்டி 7.1 தான். 5-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், பிந்தினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போய்விடும். ஆனால் என்னைக் கேட்டால் முதலில்

செல்வமகள்_அம்மா:
மன்னிக்கவும், குக்கர் விசில். அப்புறம் எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
அக்கா வருவதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். தம்பி, நீங்கள் குடிப்பது சாதா டீயா, ஸ்பெஷலா? அது தெரியாமல் யாரும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது.

வைகைக்கரை:
நான் காபி.

கணக்குப்பிள்ளை:
அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? காபி 20 ரூபாய். மாதம் 1,200. அப்போ பன்னிரண்டு லட்சம்!

பாய்லர்:
காபி எங்கள் கடையில் 18.