சுற்றுச்சூழல் பாடத்திற்கு இணைய வளங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, மேடவாக்கம்

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்கு அறிவியல் கற்பிக்கிறேன். தேசிய பசுமைப் படையின் பொறுப்பும் இந்த ஆண்டு என்னிடம் வந்துள்ளது. வாரத்திற்கு இரண்டு பாடவேளைகள் கிடைக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணைய இணைப்பு இருக்கிறது. ஆனால் 42 மாணவர்களுக்கு அங்கே நல்ல நிலையில் இருப்பவை பத்துக் கணினிகள்தாம். வீட்டிலோ, அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் ஒரே ஒரு கைப்பேசி பிள்ளைகளின் கைக்கு வருகிறது.

இரண்டு மாதங்களாகத் தேடிச் சேர்த்த காணொளிகளை வகுப்பில் காட்டி வருகிறேன். உருகும் பனிப்பாறை, அமேசான் காடு, கடலில் மிதக்கும் நெகிழி என எல்லாவற்றையும் ஆர்வத்தோடுதான் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்டால், மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம் என்ற இரண்டு வரிகளுக்கு மேல் எதுவும் வருவதில்லை. வளங்குன்றா வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டாலோ, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குறை வராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்வது என்று, 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் தந்த வரையறையைத் தட்டுத் தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். இதே பிள்ளைகள்தாம் நவம்பர் மாதம் தெருவில் தண்ணீர் ஏறும்போது புத்தகப் பையைப் பரண் மேல் தூக்கி வைப்பவர்கள். அந்தத் தண்ணீருக்கும் இந்த வரையறைக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது என் கற்பித்தலின் குறை என்றே கருதுகிறேன்.

இணையத்தில் கிடைப்பவற்றுள் எவற்றை, எந்த வரிசையில் பயன்படுத்தினால் இது மாறும்? வகுப்பறையில் செய்து பார்த்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், குரோம்பேட்டை

அம்மா, வணக்கம். பணிக்காலம் முழுவதும் நிலப்படங்களோடு வாழ்ந்தவன் என்பதால் என் விடையும் அங்கிருந்தே வருகிறது. காணொளிகளைக் கைவிட வேண்டாம்; அவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, முதல் வகுப்பில் உங்கள் பள்ளியின் மொட்டை மாடியைத் திரையில் காட்டுங்கள். கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் பகுதியில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்கள் ஆண்டுவாரியாக ஓடுகின்றன. இதற்குப் பத்துக் கணினிகள் தேவையில்லை, ஒரு புரொஜெக்டர் போதும். பள்ளியிலிருந்து மெல்ல வடகிழக்கே நகர்ந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு வந்து நின்று, ஆண்டுகளை ஓடவிடுங்கள். வேளச்சேரிப் பக்கத்திலிருந்தும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்திலிருந்தும் கட்டடங்கள் நெருங்கி வருவதை நீங்கள் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது என்பதையும், அந்தச் சதுப்பில் ஏறத்தாழ 1,248 எக்டேர் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது என்பதையும் அதன் பிறகு சொன்னால், அது செய்தியாக இல்லாமல் அவர்கள் கண்ட காட்சியின் விளக்கமாக அமையும்.

ஆனால் படம் தானாகவே உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. மே மாதப் படத்தை டிசம்பர் மாதப் படத்தோடு ஒப்பிட்டால் நம் ஊரில் எந்த ஏரியும் அழிந்துவிட்டது போலவே தெரியும். ஆகவே, ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும். ஆகாயத்தாமரையும் கோரையும் மூடிய நீர்ப்பரப்பு மேலிருந்து பார்க்கும்போது பசுமையான தரையாகத் தெரியும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்டுள்ள உலக மேற்பரப்பு நீர் வரைபடத்தில் ஓரிடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்பதைப் பார்க்க முடிகிறது. ஆயினும் அதற்கு அடிப்படையான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட சதுரம். தெருமுனைக் குட்டை அதில் அகப்படாது. படம் சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறியப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அதுவே பாதிப் பாடம் என்பேன்.

மீதிப் பாதி பாட்டியிடம் இருக்கிறது. திரையில் பார்த்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, கலங்கல் (ஏரியின் உபரிநீர் வழிந்து வெளியேறும் இடம்) எங்கே இருந்தது, மதகை யார் திறப்பார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வாடகைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தெருவிலுள்ள பழைய கடைக்காரரைக் கேட்கலாம்.

மறுமொழி: குடிநீர்த் திட்டங்களில் பணியாற்றிய பொறியாளர், அயனாவரம்

முன்னவர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு எண்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், ஏனெனில் வளங்குன்றா வளர்ச்சி என்பது கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் பொருள் தரத் தொடங்குகிறது.

சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஏரிகளின் நீர் இருப்பு நாள்தோறும் வெளியாகிறது. முழுக் கொள்ளளவும், அன்றைய இருப்பும், கடந்த ஆண்டு அதே நாளில் இருந்த இருப்பும் ஒரே அட்டவணையில் கிடைக்கும். பூண்டிக்கு 3,231, சோழவரத்திற்கு 1,081, புழலுக்கு 3,300, செம்பரம்பாக்கத்திற்கு 3,645 மில்லியன் கனஅடி எனக் கொள்ளளவுகளைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, திங்கள்தோறும் ஒரு மாணவர் இருப்பைக் குறித்து வரட்டும். கைப்பேசியில் ஒரு நிமிட வேலைதான். ஜூன் முதல் ஜனவரி வரை வரைபடத் தாளில் வரைந்தால், வடகிழக்குப் பருவமழை இந்த நகரத்திற்கு என்ன செய்கிறது என்பதை எந்தக் காணொளியாலும் அவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

பிறகு ஒரு கணக்கைக் கொடுங்கள். ஒரு மில்லியன் கனஅடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். அப்படியானால் நிரம்பிய புழல் ஏரியில் இருப்பது ஏறத்தாழ 9,300 கோடி லிட்டர். மீஞ்சூரில் 2010-இல் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஏரி ஒருமுறை நிரம்பினால் கிடைக்கும் அளவு நீரைத் தருவதற்கு அந்த நிலையம் 930 நாட்கள், அதாவது இரண்டரை ஆண்டுகள், முழுத் திறனில் இயங்க வேண்டும். இத்தகைய நிலையத்தில் கடல்நீரை நன்னீராக்க, ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்று மாணவர்களே கணக்கிடட்டும். மூன்று, நான்கு இலட்சம் என்ற விடையைக் கண்டதும் வகுப்பு சற்று அமைதியாகிவிடும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, பிரித்தெடுத்த உவர்நீர் எங்கே விடப்படுகிறது என்ற கேள்விகள் அதன்பின் தாமாகவே எழும்.

இதனால் அத்தகைய நிலையங்களே கூடாது என்ற முடிவுக்குப் பிள்ளைகளைத் தள்ளிவிடாதீர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2015 டிசம்பரில், இதே நகரம் மூழ்கியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவதா, இன்னொரு நிலையம் கட்டுவதா, 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளைச் சுத்தம் செய்வதா, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று அவர்களை வாதிடச் சொல்லுங்கள். தம் வீட்டுத் தொட்டியில் மணலும் குப்பையும் அடைத்திருக்கின்றனவா என்பதை ஒவ்வொருவரும் பார்த்து வந்தால் வாதத்தில் சரக்கு இருக்கும்.

மறுமொழி: பறவை நோக்கர், பெரும்பாக்கம்

எண்களும் படங்களும் தேவைதான், ஆயினும் உயிர்களைப் பார்க்காமல் பிள்ளைகளுக்குப் பற்று வராது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு காலைப் பொழுதில் சதுப்பின் ஓரம் நின்று நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலால் பற்றித் தின்பதைப் பார்த்த பிள்ளை, அந்த இடத்தைத் தரிசு நிலம் என்று இனி ஒருபோதும் சொல்லாது.

பறவை நோக்கர்கள் தம் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு இணையதளத்தில், பார்த்த பறவைகளின் எண்ணிக்கையோடு எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தொலைவு நடந்தோம் என்பதையும் பதிய வேண்டும். இந்த ஒழுங்குதான் வேடிக்கை பார்ப்பதை அறிவியல் தரவாக மாற்றுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆசிரியரின் ஒரே கணக்கின் வழியாக வகுப்பு முழுவதும் பங்கேற்கலாம். செடி, பூச்சி ஆகியவற்றுக்கு, எடுத்த படத்தைப் பதிவேற்றிப் பெயர் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி பொருத்தமானது. செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், பிற நோக்கர்கள் உறுதிப்படுத்தும் வரை காத்திருக்கப் பழக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் வீட்டு வாசலில் எடுத்த படத்தை இடக்குறிப்போடு பதிவேற்றினால் அவர்களின் முகவரி உலகத்திற்கே தெரிந்துவிடும். இடத்தை மறைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. முதல் நாளே அதைக் கற்றுக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் கைப்பேசிக் கேமராவைக் காட்டினாலே உயிரினத்தின் பெயரைச் சொல்லும், கணக்குத் தொடங்கத் தேவையில்லாத சீக் செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: அறிவியல் ஆசிரியை, மேடவாக்கம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைம்லாப்ஸ் வகுப்பை நேற்று நடத்திவிட்டேன். இதுவரை வாய் திறவாதவர்களும் எழுந்து வந்து திரையில் விரல் வைத்துக் காட்டினார்கள். ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்துவிட்டது. ஒரு மாணவன், "டீச்சர், பழைய படத்துல எங்க வீடு ஏரிக்குள்ள இருக்கு" என்றான். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், "உங்களாலதான்டா எங்க தெருவுல தண்ணி வருது" என்று சொல்ல, சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அதன் பிறகு தலை நிமிரவே இல்லை. அவனுடைய தந்தை கட்டட வேலை செய்பவர். ஏரியைக் காக்க வேண்டும் என்று கற்பிக்கப் போய், ஒரு குழந்தையைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டேனோ என்று இரவு முழுவதும் மனம் உறுத்தியது. இந்த இடத்தை எப்படிக் கடப்பது?

மறுமொழி: சமூகவியல் விரிவுரையாளர், தாம்பரம்

அம்மா, அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடாமல் இங்கே கொண்டுவந்தீர்களே, அதற்காக உங்களைப் பெரிதும் மதிக்கிறேன். அடுத்த வகுப்பிலேயே நிலப்படத்தைத் தியாகராய நகருக்கு நகர்த்துங்கள். 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் அந்த நகர்ப்பகுதி திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் அப்படிப்பட்டதே. நகரத்தின் மதிப்புமிக்க மனைகள் ஏரியின் மேல் இருக்கும்போது, ஆக்கிரமிப்பு என்ற சொல் மட்டும் ஏன் கூலி வேலை செய்பவரின் வீட்டை நோக்கியே நீள்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அடுத்து, கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு எங்கே குடியமர்த்தப்பட்டன என்று தேடச் சொல்லுங்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் விடையாக வரும். அவை சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதிகள் என்பதை அதே செயற்கைக்கோள் படத்தில் அவர்களே காண்பார்கள். ஆற்றைக் காக்க எடுத்த முடிவின் சுமை யார் தலையில் இறங்கியது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கத் தொடங்கினால், நீங்கள் சொன்ன 1987-ஆம் ஆண்டு வரையறையில் வரும் தேவை என்ற சொல்லுக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. யாருடைய தேவை என்று கேட்காத சுற்றுச்சூழல் பாடம் எனக்கு உடன்பாடானதன்று.

தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் ஒரு புல எண் புறம்போக்கா என்று பார்க்க முடியும். அதை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் மாணவர்களின் வீட்டுப் புல எண்களை வகுப்பில் ஒருபோதும் தேடாதீர்கள். வீடுகளைத் தேடுவதற்குப் பதிலாகத் தண்ணீரின் வழியைத் தேடட்டும். கலங்கலிலிருந்து புறப்படும் வாய்க்கால் எங்கே குறுகுகிறது, எந்தச் சாலையின் அடியில் சிறுபாலம் அடைத்திருக்கிறது, மழைநீர் வடிகாலில் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று குறித்து வந்தால், பழி சுமத்துவதற்கு ஆள் தேடுவது தானாக நின்றுவிடும்.

கேள்வியாளர்: அறிவியல் ஆசிரியை, மேடவாக்கம்

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை அந்த மாணவனைத் தனியே அழைத்து, மழைக்காலத்தில் உங்கள் பகுதிக்குள் தண்ணீர் முதலில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டேன். தயங்காமல் ஒரு தாளில் வரைந்து காட்டினான். வாய்க்கால் திரும்பும் இடமும், சுவர் எழுப்பிய பிறகு தண்ணீர் திசை மாறிய இடமும் அதில் இருந்தன. நான் திரையில் காட்டிய படத்தில் இவை இல்லை. வரும் சனிக்கிழமை கலங்கலிலிருந்து சிறுபாலம் வரை மாணவர்களோடு நடக்க அனுமதி கேட்டுத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அவன் வரைந்த படத்தை வைத்துக்கொண்டுதான் நடக்கப் போகிறோம். பறவை நோக்கர் அவர்களுக்கு அன்று காலை ஓய்விருந்தால் எங்களோடு வர இயலுமா?