டீசல் வண்டியில் மஞ்சள் விளக்கு: பிராண்டு கோளாறா, விற்றுவிடலாமா?

கேள்வி: ராமமூர்த்தி நகர் வாசி

வணக்கம். என்னிடம் 2021 மாடல் டீசல் காம்பாக்ட் எஸ்.யு.வி. இருக்கிறது, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னதும் எல்லோரும் அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

சில வாரங்களாக டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. சைலன்சர் மாதிரி படம், உள்ளே புள்ளி புள்ளியாக இருக்கிறது. பிக்கப் குறைந்துவிட்டது, மைலேஜும் இறங்கிவிட்டது. சில நாள் ஆபீஸ் பார்க்கிங்கில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடுகிறது. பக்கத்தில் நின்றால் ஏதோ கருகிய வாடை.

தினசரி ஓட்டம் வீட்டிலிருந்து ஸ்கூல், அங்கிருந்து வைட்ஃபீல்டு. தூரம் கொஞ்சம்தான், ஆனால் கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதி நேரம் முதல் கியரிலேயே போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் ஃபில்டரையே மாற்ற வேண்டி வரலாம் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். ஓசூரில் இருக்கும் மாமனார், "அப்பவே ஜப்பான் வண்டி வாங்கச் சொன்னேன் மாப்பிள்ளை. இந்தக் கம்பெனி வண்டி எல்லாமே இப்படித்தான், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்கிறார். ஆபீஸிலும் அதே பாட்டு. உண்மையிலேயே இந்தப் பிராண்டுதான் பிரச்சினையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கம்மனஹள்ளி ஒர்க்‌ஷாப்

சார், விற்கிற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் சொல்லும் அத்தனை அறிகுறியும் டி.பி.எஃப். அடைப்பு, அதாவது டீசல் புகையை வடிகட்டும் ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி பெயர் தெரியாமலே இதை என்னால் சொல்ல முடிகிறது என்றால், பிரச்சினை பெயரில் இல்லை என்றுதானே அர்த்தம்?

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் கார்களின் புகைக்குழாயில் இந்த ஃபில்டர் வந்து சேர்ந்தது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு இது பெரிய வேலையே இல்லை. தொங்கு பாலத்து நெரிசலில் அந்தச் சூடு வரவே வராது. அதனால் எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சி, வலுக்கட்டாயமாகச் சூட்டை ஏற்றப் பார்க்கும். அப்போது ஐடிலிங் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடும், வாடை வரும். சரியாக அந்த நேரத்தில் நீங்கள் ஆபீஸ் வந்து சேர்ந்து வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்த எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. டீசல் வாடையும் அடிக்கும். அப்படி இருந்தால் வேகமாக எங்கும் ஓட்டாதீர்கள், முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

அளவு சரியாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹொஸ்கோட்டே தாண்டி கோலார் ரோட்டில் விடுங்கள். எஞ்சின் சூடானதும் 60-க்கு மேலே, ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்.பி.எம்.-க்குக் குறையாமல் இருபது நிமிஷம் நிற்காமல் ஓட்டுங்கள். விளக்கு சிவப்பாகிவிட்டாலோ மினுக்கினாலோ இதைச் செய்யக் கூடாது, ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

எங்களிடம் இதே கோளாறோடு எல்லா ஊர்ப் பெயர் போட்ட டீசல் வண்டியும் வருகிறது. பெரும்பாலும் ஸ்கூல், ஆபீஸ், மளிகைக் கடை ஓட்டம்.

பதில்: பிடதி தரக் கட்டுப்பாடு

அண்ணா சொன்னது சரி. நான் உதிரி பாகம் செய்யும் இடத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மாமனார் சொன்ன "ஜப்பான் வண்டி" விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இதனால் நிறைய பேர் தேவையில்லாமல் நஷ்டத்துக்கு வண்டியை விற்கிறார்கள்.

மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் 2022-இல் வந்தன. இரண்டும் அடிப்படையில் ஒரே வண்டி, இரண்டையும் நம்ம பிடதி டொயோட்டா ஆலையில்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் ஒன்றை "மாருதி தகரம்" என்பார்கள், இன்னொன்றை "டொயோட்டாடா, அசையாது" என்பார்கள். மாருதி பலேனோதான் டொயோட்டா கிளான்ஸாவாக 2019-இல் வந்தது. 2020 ஜூலையில் ஃபியூல் பம்ப் கோளாறுக்காக மாருதி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. அதே மாதம் அதே காரணத்துக்காக டொயோட்டா 6,500 கிளான்ஸாக்களை அழைத்தது. வண்டி மேலே என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று பம்புக்குத் தெரியாது.

பழைய உதாரணம் ஒன்று. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஸ்விஃப்டில் இருந்தது, இண்டிகா விஸ்டாவில் இருந்தது, ஃபியட் புன்டோவிலும் இருந்தது. ஸ்விஃப்ட் வைத்திருந்தவர்கள் அந்த எஞ்சினைக் கொண்டாடினார்கள். அதே எஞ்சினுள்ள புன்டோவை வாங்கப் போனவரிடம் "ஃபியட்டா? வேண்டாம்பா" என்றார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நூம்மி ஆலையைத் தொடங்கின. பின்னால் அங்கே அடிப்படையில் ஒரே வண்டியான டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசமும் ஒன்றாகவே தயாராயின. செகண்ட் ஹேண்டில் பிரிசத்துக்கு மட்டும் விலை குறைவு.

எனக்கு இதில் உறுத்துவது, ஒரே கோளாறை நாம் இரண்டு விதமாகக் கணக்கு வைப்பது. நல்ல பெயர் உள்ள வண்டியில் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் "பெங்களூர் ரோடு அப்படி" என்கிறோம். கெட்ட பெயர் உள்ள வண்டியில் அதே புஷ் தேய்ந்தால் "பார்த்தியா, சொன்னேன்ல" என்கிறோம். சர்வேக்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வு முதல் 90 நாளில் உரிமையாளர் சொல்லும் புகார்களை எண்ணுகிறது. டச் ஸ்கிரீன் புரியவில்லை என்பதும் அதில் ஒரு புகார். அதை வைத்து எட்டு வருஷம் கழித்து எஞ்சின் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதில்: விஜயநகர் பழைய கார்

இரண்டு பேரும் சொல்வதில் ஒரு பக்கம் விடுபடுகிறது. நான் பழைய கார் வாங்கி விற்கிறவன். பெயர் சும்மா வரவில்லை. தர்மபுரி தாண்டி வண்டி நின்றால் எந்தக் கம்பெனியின் உதிரி சாமான் அன்றே கிடைக்கும் என்பதும் வாங்குபவருக்கு நம்பகம்தான். செவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு நல்ல எஞ்சின் உள்ள வண்டியைக்கூட ஆட்கள் "அடிக்கடி படுக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விசாரித்தால் வண்டி படுத்திருக்காது. ஒரு ஹெட்லைட்டுக்காக உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு முழுக்க அலைந்திருப்பார்கள்.

அதனால் மாமனார் சொல்வதை முழுசாகத் தள்ளவும் வேண்டாம். அவர் பயத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: வண்டி கெடுமா, கெட்டால் சாமான் கிடைக்குமா, விற்றால் விலை வருமா. கடைசி இரண்டுக்கும் பிராண்டு பெயர் ஓரளவு பதில் சொல்லும். முதலாவதற்கு எந்த மாடல், எந்த வருஷம், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எப்படி ஓட்டினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். இப்போது விளக்கு எரியும் வண்டியை விற்கப் போனால் என்னைப் போன்றவர்கள் அடிமாட்டு விலைதான் கேட்போம். முதலில் சரி செய்யுங்கள்.

பதில்: ராமமூர்த்தி நகர் வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆயில் குச்சியைப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு நன்றாகவே மேலே இருந்தது, விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடியது, டீசல் வாடை தெளிவாக வந்தது. அதனால் கோலார் ரோட்டுக்குப் போகவில்லை. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு எரிக்கச் செய்தேன். விளக்கு அணைந்துவிட்டது, பிக்கப் திரும்பிவிட்டது. டி.பி.எஃப். மாற்றத் தேவையில்லை என்றார்கள். மாமனாரிடம் சொன்னேன். "ஜப்பான் டீசலுக்கும் இது வருமா?" என்று கேட்டார், வரும் என்றேன். யோசிக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. என் ஓட்டம் மாறப்போவதில்லை. இது திரும்ப வருமா?

பதில்: கம்மனஹள்ளி ஒர்க்‌ஷாப்

இதே ஓட்டம் என்றால் வரும் சார். வாரம் ஒரு தடவையாவது கோலார் ரோட்டிலோ ஏர்போர்ட் ரோட்டிலோ நன்றாகச் சூடாக ஓட்டுங்கள். ஃபேன் ஓடுவதும் வாடையும் தெரிந்தால் உடனே அணைக்காமல், இன்னும் கொஞ்ச தூரம் சுற்றி முடியவிட்டு நிறுத்துங்கள். மேனுவலில் சொன்ன டி.பி.எஃப். ரக ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், அதை எந்தச் சூட்டிலும் எரிக்க முடியாது. ஊற்றும்போது டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். அடுத்த வண்டி வாங்கும்போது ஓட்டம் இவ்வளவுதான் என்றால் பெட்ரோல் எடுங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.